தெளிந்த குழாய்

மாமனார் சோதனைக் குழாயைப் பிடிக்கும் அழகைப் பார்த்தாலே மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டே விரலில், மோதிரம் தெரியும்படி. அவளும் வேலை பார்க்கும் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு யார் வந்தாலும் இதே கூத்துதான். கிருமி வளர்ந்த குழாய் கலங்கிக் கிடக்கும். அவர் கண்டுபிடித்த பெப்டைடு மருந்து போட்ட குழாயோ, கிருமி செத்து, பளிச்சென்று இருக்கும். அதன் பின்னால் தன் விசிட்டிங் கார்டை வைத்து வந்தவரை வாசிக்கச் சொல்வார். தன் பெயரையே முதன்முறை கேட்பவர்போல் வெட்கப்படுவார். குழாயை அவர் பார்ப்பதே இல்லை, வந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

இன்று வந்திருப்பவர் தீக்காயப் பிரிவு டாக்டரம்மா. அவருக்குத் திருப்தி என்றால் நாளை முதல் நோயாளிகளின் புண்ணில் இந்த மருந்துதான்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையிலேயே மருமகள் சொல்லிப் பார்த்தாள்.

"புண்ணுல கிருமி மொய்ச்சிக் கெடக்கும் மாமா. குழாயிலயும் கிருமிய அவ்வளவு நெருக்கமா போட்டா, முதல்ல சாகுறதுங்களே மருந்தையெல்லாம் உறிஞ்சிக்குது. மிச்சம் ஜம்முனு வளருது."

"அப்ப கிருமிய கொஞ்சமா போடு. வர்றவங்க பாக்கறது குழாயத்தாம்மா, புண்ணை இல்ல."

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்பாவுக்கு முன்னால் அவன் வாய்க்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும். மாமனாருக்குப் பயந்து இத்தனை நாள் கிருமியை நீர்க்க நீர்க்கக் கலந்து கொடுத்த தன்மேல்தான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

"அந்தக் குழாயை எடும்மா," என்று இன்று டாக்டரம்மா முன்னால் கை நீட்டினார் மாமனார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மாவையே பார்த்துச் சிரித்தபடி அவர் கார்டைப் பின்னால் வைத்தார்.

"வாசிங்க டாக்டர்."

டாக்டரம்மா குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"ஒண்ணும் தெரியலையே சார்."

"நல்லா பாருங்க. கொட்டை எழுத்து."

டாக்டரம்மா நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். "இதுல மருந்து போட்டிருக்கா?"

"எப்பவும் போடுற அதே அளவு போட்டிருக்கு டாக்டர். கிருமி மட்டும், உங்க நோயாளிங்க புண்ணுல இருக்கிற அளவு."

மாமனார் அப்போதுதான் குழாயைப் பார்த்தார். சிரிப்பைக் கழற்றி வைக்க மறந்துவிட்டார். விரலில் மோதிரம் மின்னியது. கலங்கிய வெள்ளைக்குப் பின்னால் கார்டை மேலும் கீழும் நகர்த்தித் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.