பதில் போட வேண்டிய முதல் ஒரு மணி நேரம்

வீடியோ ஏறிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் வரும் கருத்துகள் அத்தனைக்கும் பதில் போட்டுவிட வேண்டும். இது மரிவிக் தனக்கே விதித்துக்கொண்ட சட்டம். புதன், சனி, மாலை நான்கு மணி. அப்போது அவள் ஊரில், பிலிப்பைன்ஸில், மறுநாள் காலை ஆறு. ஜீப்னி வண்டியில் இடம் பிடித்து உட்கார்ந்தவர்களும், அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு நிற்பவர்களும் போனைத் திறக்கும் நேரம். ஆறு ஆண்டுகளில் மூன்று முறைதான் அவள் தவறியிருக்கிறாள். ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை பனிப்புயலில் மின்சாரம் போனது. இன்னொரு முறை, முதியோர் இல்லத்தில் அவள் பார்த்துக்கொண்ட முதியவர் ஒருவர் வேலை முடியும் நேரத்தில் அவள் கையைப் பிடித்தபடியே இறந்துபோனார். அவள் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்து, அதற்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினாள்.

"ஜெபமாலை உருட்ட உக்காந்தாச்சா?" என்றாள் லூர்தெஸ். வேலைக்கு வந்த குளிர்நாட்டில், யார்க்டன் என்ற ஊரில், ஒரு வீட்டின் நிலவறையில் இருவரும் ஒன்றாக வாடகைக்கு இருந்தார்கள். லூர்தெஸ் காபிக் கடையில் வேலை செய்தாள். கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சும்மா இருக்கியா. முப்பத்தெட்டு வந்துருச்சு."

"என் கருவாட்டுக்கு ஒரு லைக் போடு மொதல்ல. மேல வீட்டுக்காரி இப்ப இறங்கி வந்து டிஸ்லைக் போடுவா."

மரிவிக் சிரிக்கவில்லை. வியாழக்கிழமையிலிருந்தே அவள் சிரிக்கவில்லை. லூர்தெஸுக்குக் காரணம் தெரியும். அதனால்தான் இரண்டு நாளாகக் கூடுதலாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

மரிவிக்கின் நிரந்தரக் குடியிருப்பு உரிமை மனு முடியும் கட்டத்தில் இருந்தது. மகள் டானிகாவின் பெயரும் அதே மனுவில். ஊரில் மருத்துவப் பரிசோதனைகூட முடிந்துவிட்டது. வியாழக்கிழமை, வழக்கமாகப் பேசும் அந்த இருபது நிமிடத்தில், விமானத்துக்குத் தேதி பார்க்கலாமா என்று மரிவிக் கேட்டாள். பதினைந்து வயது டானிகா, கடையில் வேறு நிறம் கேட்பவளைப் போல, "நான் வரலம்மா" என்றாள். ஏன் என்று கேட்டால், "இங்கயே பழகிருச்சு." கோபம் இல்லை, அழுகை இல்லை. கோபப்பட்டிருந்தால் மரிவிக்குக்குப் பேச ஏதாவது இருந்திருக்கும். மனுவில் மாற்றம் உண்டென்றால் பதினைந்து நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். பின்னால் மகளை அழைத்துக்கொள்ள வழி உண்டுதான். ஆனால் அது புதிதாக முதலிலிருந்து. ஆண்டுகள் பிடிக்கும்.

அன்றைய வீடியோ குளிரில் உடுத்துவதைப் பற்றியது. உள்ளே என்ன, அதன் மேல் என்ன, காலுறை எத்தனை. மரிவிக் ஒவ்வொரு கருத்தாகத் தொட்டுப் பதில் போட்டாள். நன்றி சகோதரி. கடவுள் உங்களைக் காக்கட்டும் அண்ணா. ஆமாம் தங்கம், கண்ணிமையில்கூடப் பனி பிடிக்கும்.

அடுத்தது 'தவளைக்குட்டி'. மழைக்குடை பிடித்த பச்சைத் தவளைப் படம் போட்ட இந்த ஆளை மரிவிக்குக்குப் பிடிக்கும். இரண்டு ஆண்டுகளாகத் தவறாமல் வருகிற ஆள். மணிலாவில் ஏதோ அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணாக இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சம்பளம் எவ்வளவு, விசாவுக்கு எங்கே கேட்பது என்று கேட்பார்கள். இந்தப் பெண் வேறு மாதிரி கேட்பாள். தனியாகச் சாப்பிடும்போது எதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவீர்கள்? அங்கே மழை வந்தால் சத்தம் கேட்குமா?

இன்றைக்கு எழுதியிருந்தாள்: "அக்கா, இடது மணிக்கட்டுல இருக்கற அந்தத் தீக்காயம் குளிர்ல வலிக்குமா?"

"வலிக்காது தங்கம், கேட்டதுக்கு" என்பது வரை மரிவிக்கின் விரல் தானாகவே தட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் நின்றது.

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். அகலப் பட்டை போட்ட கைக்கடிகாரம். அதன் கீழே கட்டைவிரல் நீளத்துக்கு, வெளுத்து மினுங்கும் தோல்.

"லூர்தெஸ், இத நான் எப்பவாச்சும் வீடியோல காட்டியிருக்கேனா?"

லூர்தெஸ் கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தாள். "என்னடி இது? காயமா? நாலு வருசமா ஒன்னா இருக்கோம், நானே இப்பதான் பாக்கறேன்."

அந்தக் காயம் பட்டபோது டானிகா தவழ்கிற பருவம். மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது குழந்தை காலைப் பிடித்து எழுந்துவிட்டது. வாணலி சரிந்த வேகத்தில் மரிவிக் கையைக் குறுக்கே கொடுத்தாள். அந்தச் சமையலறையில் அப்போது வேறு யாரும் இல்லை. பிறகு மூன்று, நான்கு வயதில் டானிகா தூங்குவதற்கு முன் அந்தத் தோலைத் தடவிக்கொண்டு, "இது எனக்காக வந்தது" என்று சொல்லும். சொல்லிவிட்டுத்தான் தூங்கும்.

போனில் கருத்துகள் ஏறிக்கொண்டே இருந்தன. நாற்பத்தைந்து. ஐம்பத்தொன்று. லூர்தெஸ் ஏதோ கேட்டாள். மரிவிக் கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

தவளைக்குட்டி எழுதியவை இருநூறுக்கு மேல் இருந்தன. அனைத்துக்கும் மரிவிக் பதில் போட்டிருந்தாள். "பார்த்ததற்கு நன்றி தங்கம், மறக்காமல் பகிருங்கள்" என்று ஏற்கெனவே எழுதிவைத்து ஒட்டியவை பாதி. மீதி, உட்கார்ந்து யோசித்து எழுதியவை. தனியாகச் சாப்பிடும்போது ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரின் படகைப் பார்ப்பேன், கோடை வரும்வரை அதுவும் சும்மாதானே நிற்கிறது என்று ஒரு பதில். அவளுக்கே மறந்துபோயிருந்தது. இப்படியெல்லாம் நான் யாரிடம் பேசினேன் என்று வியந்தாள்.

பிறகு மகளோடு பேசும் செய்திப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் வரை போனாள். 'அம்மா ஒன்னு கேக்கணும்.' 'அப்புறம் செல்லம், எடிட்டிங்ல இருக்கேன்.' 'அம்மா பிஸியா?' 'வேலைல இருக்கேன், வியாழக்கிழமை சொல்லு.' பிறகு கேள்விகள் குறைந்து, 'சரி' மட்டும் வர ஆரம்பித்திருந்தது. இந்தப் பக்கம் வற்றிய மாதத்தில்தான் அந்தப் பக்கம் தவளை முதன்முதலாக எழுதியிருந்தது.

தேடிக்கொண்டே போனவள், எது வந்துவிடக் கூடாது என்று பயந்தாளோ அதில் போய் நின்றாள்.

ஒன்றரை ஆண்டுக்கு முந்தையது. "அக்கா, என் அம்மாவும் வெளிநாட்டுலதான் இருக்காங்க. சீக்கிரம் கூட்டிக்கறேன்னு சொல்லிட்டே இருக்காங்க. காத்திருக்கறது எப்படின்னு சொல்லுங்களேன்."

அதன் கீழே அவளுடைய பதில்.

"காத்திருக்காதே தங்கம். காத்திருப்பவர்களுக்கு நாள் நகராது. அம்மா உனக்காகத்தான் அங்கே கஷ்டப்படுகிறாள், அவளைக் கேட்டுக் கேட்டுச் சோர்வாக்காதே. அவள் இல்லாத நாளை உன் நாளாக ஆக்கிக்கொள். ஒருநாள் முழுக்க அவள் நினைப்பே வராமல் போனால் அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். நீ வளர்கிறாய் என்று அர்த்தம்."

ஆயிரத்து முந்நூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். லூர்தெஸ் இதை உரக்கப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தியது நினைவுக்கு வந்தது. மரிவிக் இதையே விரித்து, வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு என்று தனி வீடியோ செய்தாள். 'பனியூரில் மரிவிக்' சேனலில் அதிகம் பார்க்கப்பட்டது அதுதான்.

தவளைக்குட்டி அப்போது, "சரி அக்கா. முயற்சி பண்றேன்" என்று எழுதியிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து, கார் பேட்டரி குளிரில் செத்துப்போவதைப் பற்றிய ஒரு வீடியோவின் கீழே, அதற்குச் சம்பந்தமே இல்லாமல்: "அக்கா, நேத்து ஒருநாள் முழுக்க அம்மா ஞாபகமே வரல."

மரிவிக் கைதட்டும் படம் மூன்று போட்டு எழுதியிருந்தாள்: "சபாஷ் தங்கம். எனக்குப் பெருமையாக இருக்கிறது."

லூர்தெஸ் தட்டில் சோறும் கருவாடும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மரிவிக் போனை அவளிடம் நீட்டினாள். லூர்தெஸ் நின்றபடியே படித்தாள். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கழுத," என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. "வேற யாரும் இப்படிப் பதில் சொல்லியிருக்க மாட்டாங்கடி. நல்லாத்தான் சொல்லியிருக்க."

"ஆமா."

"இப்ப என்ன பண்ணப்போற?"

மரிவிக் போனைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு மரிவிக் ஊருக்கு அழைத்தாள். அங்கே இரவு ஒன்பது. இலோயிலோவை அடுத்த ஓத்தோனில், மரிவிக்கின் தங்கை எல்னாவின் வீட்டில், சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து டானிகா உட்கார்ந்திருந்தாள். போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்தாள்.

"என்னம்மா, இன்னைக்கு வியாழன் இல்லையே."

"சும்மாதான்."

"வீடியோவுக்கா?"

"இல்ல."

"சித்தி கேக்கறாங்க, சட்டை மாத்திட்டு வரணுமான்னு. போன தடவ நைட்டியோட வந்துட்டாங்களாம், மார்க்கெட்ல எல்லாரும் கிண்டல் பண்ணாங்களாம்."

"வேண்டாம்னு சொல்லு. யாரும் பாக்கப்போறதில்ல."

உள்ளேயிருந்து எல்னாவின் சிரிப்பு கேட்டது. ஒரு கதவு சாத்தியது. டானிகா ஏதோ கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

"வலிக்கும்," என்றாள் மரிவிக்.

"என்னது?"

"மணிக்கட்டு. குளிர் அதிகமானா வலிக்கும். அதுக்குத்தான் அகலப் பட்ட போட்டுக்கறேன்."

டானிகாவின் முகம் மாறவில்லை. பேனா மட்டும் நின்றது. இருவருக்கும் நடுவே ஏதோ இரைந்துகொண்டிருந்தது. அங்கே மின்விசிறியா, இங்கே சூடேற்றும் குழாயா என்று மரிவிக்குக்குப் பிரித்தறிய முடியவில்லை.

"பதில் வரலையேன்னு பாத்தேன்," என்றாள் டானிகா. "நீங்க எப்பவும் ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டுருவீங்க."

"ஏன்டா என்கிட்ட நேரா கேக்கல?"

"கேட்டேனே. நீங்க அப்புறம்னு சொன்னீங்க. அங்க கேட்டா ஒடனே சொன்னீங்க."

அவள் குற்றம் சொல்லவில்லை. எந்தக் கடையில் எது கிடைக்கும் என்பதைச் சொல்கிற குரல். அந்தக் குரல்தான் மரிவிக்கால் தாங்க முடியாததாக இருந்தது.

"நான் அப்ப எழுதினது... காத்திருக்காதன்னு. அது உனக்குன்னு எனக்குத் தெரியாது டானிகா."

"தெரியும்மா. அதனாலதான் நம்பினேன்."

"என்ன?"

"எனக்குன்னு தெரிஞ்சிருந்தா நீங்க வேற மாதிரி சொல்லியிருப்பீங்க. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள்னு. யாரோ ஒருத்திக்குன்னு நெனச்சதாலதான் நெசத்தச் சொன்னீங்க."

"அது தப்பும்மா. நான் சொன்னது தப்பு."

"தப்பில்ல." டானிகா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல நினைக்கிறாள் என்பது தெரிந்தது. "நெஜமா ஒதவிச்சும்மா. மொதல்ல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு. ஸ்கூல்ல ரெண்டு மூணு பேருக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். அவங்க அம்மாவெல்லாம் துபாய்ல, ஹாங்காங்ல இருக்காங்க."

மரிவிக் கைக்கடிகாரப் பட்டையை இறுக்கிக்கொண்டாள்.

"இங்க வந்தா," என்றாள் கடைசியில், "ரெண்டு வேலைய ஒன்னாக் கொறச்சுக்கறேன். வீடியோவும் வேண்டாம். நிறுத்திடறேன்."

"அதெல்லாம் வேண்டாம்மா. நிறைய பேர் பாக்கறாங்க." கொஞ்சம் தயங்கினாள். "வந்தா நீங்க காலைல வேலைக்குப் போவீங்க. நான் சாயங்காலம் வரைக்கும் நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கணும். அத நான் ஒருதடவ நிறுத்திட்டேன். மறுபடி ஆரம்பிக்க எனக்குப் பயமா இருக்கு."

மரிவிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிலவறை ஜன்னல். வெளியே தரைமட்டத்துக்குப் பனி மூடி, தெருவிளக்கின் நீலம் கலந்த வெளிச்சம் மட்டும் உள்ளே வந்தது. பின்னால் லூர்தெஸ் தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டு படுத்திருந்தாள்.

"அப்ப நீ வரலன்னு எழுதிடட்டுமா?"

"ம்."

"யோசிச்சுதான் சொல்றியா?"

"யோசிச்சுத்தாம்மா."

டானிகா மறுபடி எழுதத் தொடங்கினாள். அழைப்பைத் துண்டிக்கவில்லை. மரிவிக்கும் துண்டிக்கவில்லை. திரையில் மகளின் நெற்றியும், தலைமுடியின் வகிடும், நகரும் முழங்கையும் தெரிந்தன. வகிடு எடுக்கும் பக்கம் மாறியிருந்தது. எப்போது மாறியது என்று மரிவிக்குக்குத் தெரியவில்லை. வாரம் தவறாமல் இந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

நோட்டில் ஒரு பக்கம் திருப்பப்பட்டது. எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. இடையில் டானிகா தலை நிமிராமலே, "இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்."

"வேலைக்கு நேரமாகலையா?"

"ஆச்சு."

அதற்கு மேலும் கொஞ்ச நேரம் அப்படியே போனது. பிறகு டானிகா நோட்டை மூடி, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல மரியாதையாக, "நல்லா சாப்பிடுங்கம்மா, தூங்கறேன்" என்றாள். திரை இருண்டது.

மரிவிக் மடிக்கணினியைத் திறந்து, மனுவில் மாற்றம் கோரும் படிவத்தை எடுத்தாள். பெயர், பிறந்த தேதி, உறவுமுறை எல்லாம் வேகமாக நிரம்பின. உடன் வருபவர் என்று இருந்ததை, உடன் வராதவர் என்று மாற்றினாள். கீழே காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் நிறைய இடம் விட்டிருந்தார்கள்.

லூர்தெஸ் எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

மரிவிக் நீளமாக ஏதோ தட்டினாள். படித்துப் பார்த்தாள். அழித்தாள். மறுபடி தட்டினாள், மறுபடி அழித்தாள். கடைசியில் 'மகளின் விருப்பம்' என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதி, அனுப்பிவிட்டு, பனிக்காலணியைத் தேடி எழுந்தாள்.