பதினேழாவது சாட்சி

ஞாயிறு காலை ஏழு ஐம்பதுக்கு வெல்டர் ஆலயத்தின் பின்னறைக்குள் வந்தான். ஆராதனைக்குப் பத்து நிமிடம் இருந்தது.

தையல்காரர் பாஸ்டரின் அங்கியை அவர் உடம்பிலேயே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். இரவல் அங்கி. பாஸ்டருடையது வெள்ளத்தோடு போய்விட்டது.

"கையை ரொம்பத் தூக்காம ஆசீர்வாதம் பண்ணுங்க பாஸ்டர். அக்குள் தாங்காது."

வெல்டரைக் கண்டதும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சிரிப்பும் அத்தோடு நின்றது.

"அண்ணே, பதினேழாவது சாட்சியை அடிச்சிடுங்க."

"உட்காருப்பா."

"உட்கார வரல."

மேசையில் சாட்சி நோட்டு இருந்தது. அந்தச் சபையில் ஒருவர் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொன்னால், செயலாளரான தையல்காரர் அதை எண் போட்டு எழுதுவார். நன்றி ஆராதனை அன்று வரிசையாக வாசிப்பார். அந்தந்தக் குடும்பம் எழுந்து நிற்கும். சபை ஸ்தோத்திரம் சொல்லும். வெள்ளம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. இன்று நன்றி ஆராதனை.

பதினேழாவது சாட்சி இப்படி இருந்தது: 'வெல்டர் குடும்பம். மகள் அக்கரை முகாமில் பத்திரமாக இருக்கிறாள். ஒரு கீறல்கூட இல்லாமல் காத்த கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்.'

பள்ளிக்கூடம் அக்கரையில். ஒரு வியாழக்கிழமை மதியம் ஆற்றில் வெள்ளம் ஏறியது. பாலம் போனது. காணாமல் போன பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்து, வெள்ளிக்கிழமை முகாமிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஆறு வயசுப் பிள்ளை, முன்பல் ரெண்டு இல்லை, யூனிஃபார்ம் போட்டிருக்கிறது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது என்றாள்.

"அப்பா வெல்டரான்னு கேளுங்க" என்றான் வெல்டர்.

"ஆமான்னு தலையாட்டுறா."

"வாலுன்னு கூப்பிட்டுப் பாருங்க. வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவோம்."

"அதுக்கும் ஆட்டுறா."

அவன் மனைவி இருக்கும் பக்கம் திரும்பி, வாலு பத்திரமா இருக்கா என்று சத்தமாகச் சொன்னான். இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவன் எழுந்து நின்றான். அதற்கு முன் அவன் சாட்சி சொன்னதே இல்லை. முதல் ஆமென் தையல்காரருடையது.

செவ்வாய்க்கிழமை படகு விட்டார்கள். கரையில் நின்ற பிள்ளை வேறு பிள்ளை. யார் என்ன கேட்டாலும் தலையாட்டுகிற பிள்ளை.

வாலு அதற்கு ஒன்பது நாள் கழித்துக் கிடைத்தாள். அடையாளம் சொன்னவர் தையல்காரர். இரண்டு வருடம் வளர இடம் விட்டு அவர் மடித்துத் தைத்த யூனிஃபார்ம் பாவாடை.

இப்போது அவர் நோட்டை வெல்டர் பக்கம் திருப்பினார். ஓரத்தில் பென்சில் புள்ளி.

"தாண்டிப் போயிடலாம்னு குறிச்சு வச்சிருக்கேன் பாரு."

"தாண்டினா நோட்டுல இருக்கும். அடுத்த வருஷம் யாராவது படிப்பாங்க. அடிங்க."

தையல்காரர் பாஸ்டரைப் பார்த்தார்.

"அடிச்சிடுங்க" என்றார் பாஸ்டர். "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

தையல்காரர் அளவுகோலை வரியின் மேல் வைத்தார்.

"யாரைக் கேட்டு அடிக்கிறீங்கண்ணே?"

வாசலில் வெல்டரின் மனைவி. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. பிளீச்சிங் பவுடரில் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. உள்ளே வரவில்லை.

"நீ போய் உட்காரு" என்றான் வெல்டர்.

"படிங்கண்ணே. நான் எழுந்து நிப்பேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"அது பொய்டி."

"சொன்னப்ப பொய்யாவா சொன்னீங்க?"



"அந்தப் பிள்ளை யாரோ" என்றான் வெல்டர். "யாரோ பெத்த பிள்ளைக்கு நான் நன்றி சொல்லிட்டு வந்திருக்கேன்."

"யாரோன்னா? அதுக்கு ஒரு அம்மா இருக்கா. அன்னைக்கு நம்ம படகுலதானே வந்தா. பொணமாவது கிடைக்குமான்னு தேட வந்தவ." அவள் தையல்காரரிடம் திரும்பினாள். "வழியெல்லாம் நான்தாண்ணே அவ முதுகைத் தடவிக் கொடுத்தேன். தைரியமா இரு, தைரியமா இருன்னு. எம்புள்ள கிடைச்சாச்சில்ல? எம்மாம் பெரிய மனசு அன்னைக்கு எனக்கு!"

சிரித்தாள். பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கரைக்குப் போனதும் அந்தப் பிள்ளை என்னைத் தாண்டி ஓடிச்சு. நான் கையை விரிச்சு வச்சிருந்தேன். தாண்டி ஓடிச்சு."

ஆலயத்துக்குள் பெஞ்சுகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"அவ எந்தச் சபையோ, சாமியே கிடையாதோ, தெரியாது. அந்தப் பிள்ளை பிழைச்சதுக்கு யாராவது நன்றி சொல்லணுமில்ல. நாம முந்திக்கிட்டோம். சொன்னதைப் போய்த் திருப்பிக் கேக்கறதா?"

"என்னால முடியலடி."

"எனக்கு மட்டும் முடியுதா? அந்த நாலு நாளும் நான் நல்லாத் தூங்கினேங்க. வாலுவுக்குத் தலைகாணி உறைகூட மாத்தி வச்சேன். அந்த நாலு நாள் இந்த நோட்டுல மட்டும்தான் இருக்கு. அடிக்காதீங்க."

மணி அடித்தது. தையல்காரர் அளவுகோலை எடுத்துவிட்டார். கோடு போடவில்லை.

முதல் பதினாறு சாட்சிகளையும் வழக்கமான குரலில் வாசித்தார். பதினாறாவது, ஓடு பிரித்துக் கூரையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர். குடும்பத்தோடு எழுந்தார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. பேக்கரிக்காரர் உட்கார்ந்தார்.

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். வெல்டரின் மனைவி தலையசைத்தாள்.

"பதினேழு" என்றார். "வெல்டர் குடும்பம்."

அவள் எழுந்தாள். வெல்டர் முன் பெஞ்சின் முதுகைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். 'மகள்' என்ற இடத்தில் தையல்காரரின் குரல் உடைந்தது. நிறுத்தி, வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசித்தார். கோடி ஸ்தோத்திரம் வரை வாசித்தார்.

சபை வாய் திறக்கவில்லை.

"ஸ்தோத்திரம்" என்றாள் அவள். அவள் மட்டும்.

அப்போது வெல்டர் எழுந்தான். பேக்கரிக்காரரின் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. பாஸ்டரைத்தான் பார்த்தான். குரல் உயரவில்லை, வழி கேட்பவனின் குரல்போல இருந்தது.

"பாஸ்டர், அன்னைக்கு நான் இதே இடத்துல நின்னு கர்த்தருக்கு நன்றி சொன்னேனே, அப்பவே அவருக்குத் தெரியும்தானே?"