வெள்ளையாய் நின்றவள்

மரக்காணத்து உப்பு மூட்டைகளில் குத்துகிற மார்க்குக்கெல்லாம் அச்சுக்கட்டை செதுக்குபவள் தெய்வநாயகி. யானை என்றால் யானை, நங்கூரம் என்றால் நங்கூரம். அவள் உளிக்கு மறுபேச்சு கிடையாது. எழுபத்தெட்டு டிசம்பரில் மனித உரிமை நாளுக்கு ஒரு சுவரொட்டி வேண்டும் என்று உப்பளச் சங்கத் தலைவர் சுப்ராயன் அவளிடம்தான் வந்தார். 'எந்தச் சாமி என்பது அவரவர் உரிமை' என்று வாசகத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

மழை மேகம் கறுப்பாய் அச்சாகும்படி மரத்தைத் தொடாமல் விட்டு, அதன் முன்னே வேலைக்காரப் பெண்களை மெல்லிய கோடுகளில் செதுக்கினாள். ஒரு பக்கம் பொட்டு வைத்த மங்கம்மா, மறுபக்கம் முக்காடு போட்ட சைத்தூன் பீவி, நடுவில் சிலுவை போட்ட பொன்னி. பொன்னி இடக்கைக்காரி, உப்பு வாரும் பலகை எப்போதும் இடது தோளில்தான்.

கட்டையைப் பார்த்த சுப்ராயன் முகம் சுருங்கியது. பொன்னி அம்மனை விட்டு மாதா கோவிலுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, அவளை உப்பு வாரும் எந்த செட்டிலும் சேர்க்கக்கூடாது என்று ஊரில் பேச்சு.

"எல்லாம் நல்லாருக்குது. நடுவுல இருக்கிறவ மட்டும் வாணாம்."

"ஏங்க, எழுதிக் குடுத்ததே நீங்கதானே?"

"பொறந்த சாமிய கும்பிட உரிமை இருக்குது. மாறிப் போனவளுக்கெல்லாம் போஸ்டரா? எடுத்துடும்மா."

"எடுத்துடறேன். ஒண்ணு இப்பவே சொல்லிட்டேன். மரத்துல தோண்டின இடம் பேப்பர்ல வெள்ளையா நிக்கும்."

"நிக்கட்டுமே. வெறும் பேப்பர்தானே."

அவர் போனதும் வாசலில் பொன்னி. எல்லாம் கேட்டிருக்கிறாள். படத்திலேயே இல்லாதவளை, உப்பு வேலை தொடங்கும் தை மாதம் எந்த செட்டு கூப்பிடும்?

"என்னை வெட்டிப் போடப் போறியாக்கா?"

"ஆமாண்டி. நல்லா ஆழமா. உக்காந்து பாரு."

பக்கத்துப் பெண்களின் மேல் உளி படாமல், பொன்னியின் ஓரம் பிடித்தே தோண்டினாள். தலை, தோள், தோளில் பலகை எல்லாம் பள்ளமாயின. உருளையில் மை தடவி, காகிதத்தை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்து உரித்தாள். பொன்னி காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சங்கச் சுவரில் ஒட்டிய சுவரொட்டி முன்னால் கூட்டம்.

"நடுவுல யாருடி, உப்புக் குவியலாட்டம் பளிச்சுனு?"

மங்கம்மா சிரித்தாள். "இடது தோள்ல பலகை வைக்கிறவ ஊருல வேற யாரு? நம்ம பொன்னி."

சுப்ராயன் தெய்வநாயகியிடம் வேகமாய் வந்தார். "எடுக்கச் சொன்னேனே?"

"எடுத்துட்டேங்க. கட்டையத் தொட்டுப் பாருங்க."

விரல் பள்ளத்தில் இறங்கியது. "திரும்ப அடைக்க முடியாதா?"

"முடியாதுங்க."

தை பிறந்து செட்டு சேர்ந்த காலையில், மங்கம்மாவும் சைத்தூனும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டே நின்றார்கள். சுப்ராயன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பலகையை இடது தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள் பொன்னி.