அந்தோணிராஜ் தைத்த ஜூடோ சட்டை

அவிநாசி கோயில் வாசலில் சூடத்தை ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொன்னதல்ல.

இரண்டாயிரத்து ஆறில் கோயம்புத்தூரில் சர்வதேச ஜூடோ போட்டி நடந்தது. திருப்பூர் ராயபுரத்தில் என் வீட்டில் குடியிருந்த அந்தோணிராஜின் மகள் ஆஷா அதில் இறங்கினாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த அந்தோணிராஜ், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதக்கம் வாங்கினால் ஆஷாவுக்கு ரயில்வேயில் வேலை. வாங்காவிட்டால் திங்கட்கிழமை அவளும் அப்பனோடு போய் ஓவர்லாக் மிஷினில் உட்கார வேண்டும். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது, ஆனால் ருசிக்கவில்லை.

ஜூடோவில் எதிராளியின் சட்டையைப் பிடித்துத்தான் தூக்கிப் போடுவார்கள். அதனால் சட்டையை முரட்டு நெசவுத் துணியில் தைப்பது வழக்கம். அந்தோணிராஜ் நெசவுத் துணியைத் தொடமாட்டான். "நெசவு ஈரோட்டுக்காரன் பாடு ஐயா. நமக்குத் துணின்னா பின்னுனதுதான்" என்று பனியன் துணியை நாலு மடிப்பாக வைத்துத் தைத்துவிட்டான். அதிலிருக்கும் ஆபத்து என் மண்டைக்கு எட்டியபோது நாங்கள் போட்டிக்குப் போன பஸ் சூலூரைத் தாண்டியிருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், இது இழுத்தா நீளுமுங்களே?"

"நீளட்டுமே ஐயா. கிழியாதுல்லா?" என்றான். பிறகு இறங்கும்வரை ஜன்னல் கம்பியை விடவில்லை.

முதலில் ஒரு மங்கோலியாக்காரி. ஆஷாவின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். பட்டை போனது, ஆஷா போகவில்லை. மங்கோலியாக்காரி பிடியை விடாமல் பின்பக்கமாகவே நடந்தாள். விரிப்பின் விளிம்பு, நடுவர்களின் மேஜை, தண்ணீர் கேன் எல்லாம் தாண்டியும் துணி வந்துகொண்டே இருந்தது. வாசல் கதவருகே அவள் கை வழுக்கிவிட்டது. சுண்டித் திரும்பிய பட்டைக்கு நடுவர் குனிந்து வழிவிட்டார். விரிப்பை விட்டு இவ்வளவு தூரம் போனவர்கள் இதுவரை இல்லை என்று சொல்லி வெற்றியை ஆஷாவுக்குக் கொடுத்தார்கள்.

அரையிறுதியில் வந்த பிரெஞ்சுக்காரி விவரமானவள். சட்டையை நம்பாமல் காலைத் தட்டிவிட்டாள். ஆஷா தோற்றாள். இனி மிச்சமிருந்தது வெண்கலத்துக்கான ஒரே ஆட்டம்.

அங்கேதான் வம்பு வந்தது. இழுபட்ட சட்டை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. சட்டைக் கை இரண்டும் முழங்கால்வரை தொங்கின. சட்டை அளவு பார்க்கும் அதிகாரி டேப்போடு வந்தார். டேப்பைக் கண்டதும் அந்தோணிராஜுக்கு எக்ஸ்போர்ட் செக்கிங் புத்தி வந்துவிட்டது.

"சார், ப்ளஸ் ஆர் மைனஸ் ஒரு இஞ்ச் டாலரன்ஸ் உண்டுல்லா?"

"இஞ்சா? முழக்கணக்குல தொங்குது. பேர் கூப்பிடறதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லைன்னா பொண்ணு வெளிய."

ஆஷா நகத்தைக் கடித்தாள். "விடுங்கப்பா, நான் ஓவர்லாக்குக்கே வாரேன். அவருகூட மல்லுக்கட்டாதீங்க."

"அந்தப் பேச்சே பேசாத புள்ள" என்று சட்டையைப் பறித்துக்கொண்டு ஓடினான் அந்தோணிராஜ். வெளியே டீக்கடை. பாய்லரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீரைப் பிடித்துச் சட்டையை அதில் முக்கினான்.

"ஏனுங்க, சுடுதண்ணி டீக்குங்களா, துணிக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டுக்குமேதானுங்க" என்றேன். எனக்கு ஒரு டீயும் போடச் சொன்னேன்.

துணி சுருங்கியது. அதிகாரி மறுபடி டேப்பை வைத்தார். கை சரியாக மணிக்கட்டில் நின்றது. தலையாட்டினார். ஆஷா ஈரச் சட்டையோடு விரிப்பில் ஏறினாள்.

சுருங்குவது அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மேலே எரிந்த பெரிய விளக்குகளின் சூட்டில் சட்டை காயக் காய மேலும் சுருங்கியது. கை முழங்கைக்கு ஏறியது. ஆஷாவுக்கு மூச்சு முட்டி, முகம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது.

"கழட்டிப் போட்டுட்டு வந்துரு கண்ணு! பதக்கம் போனாப் போச்சாது!" என்று கத்தினேன்.

அந்தோணிராஜ் கண்ணை மூடிக்கொண்டான். "போதும் மாதாவே, இதுக்கு மேல சுருங்க வேண்டாம் தாயே!"

எதிரே நின்ற கொரியாக்காரி பட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் மடிப்புக்குள் மாட்டிக்கொண்டன. உதறினாள், வரவில்லை. சட்டை சுருங்கச் சுருங்க அவளும் ஆஷாவை நோக்கி வந்தாள். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டியதும் ஆஷா இடுப்பைத் திருப்பினாள். கொரியாக்காரி முதுகு முழுக்க விரிப்பில் படும்படி விழுந்தாள். நடுவர் கையை நேரே மேலே தூக்கினார். ஜூடோவில் அதற்கு மேல் வெற்றி இல்லை. இரண்டு பேரையும் பிரிக்க அந்தோணிராஜ்தான் கத்தரிக்கோலோடு போக வேண்டியிருந்தது.

என் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆஷா பதக்க மேடையில் ஏறினாள். இறங்கி வந்து வெண்கலத்தை அப்பன் கையில் வைத்தாள். அவன் அதை நுனி விரலால் ஒருமுறை தடவிவிட்டு, உடனே அவளிடமே கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை அவன் தனியாகத்தான் கம்பெனிக்குப் போனான்.

அந்த வருடப் போட்டியில் பெண்கள் பிரிவே கிடையாது என்று யாராவது சொன்னால் அதுவும் நிஜம்தான்; சூடத்தைக் கொண்டுவாருங்கள், நான் அணைக்கிறேன்.