ஆட்டுத் தலைக்குள் ஆர்வில்

என் கணவன் ஆர்வில் ஸ்டம்ப் எத்தனையோ மிருகமாக வாழ்ந்தவன். சர்க்கஸில் தீக்கோழியாகத் தொடங்கினான். பிறகு கரடி, புல்டாக், கொஞ்ச நாள் கழுதையின் பின்பாதி. முன்பாதியாக இருந்தவனுக்கு வெங்காயமும் அவரைக்காயும் உயிர் என்பதால் அந்தக் கூட்டணி சீக்கிரமே முறிந்தது. கடைசியில் பாட்டும் வித்தையும் கலந்த வெரைட்டி மேடைக்கு வந்து ஆடாக நிலைத்தான். ஆட்டில் அவனை அடித்துக்கொள்ள அமெரிக்காவிலேயே ஆள் இல்லை. இதை நான் சொல்லவில்லை, அவனே சொல்வான், சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும்.

எங்கள் ஆட்டம் இதுதான். நான் பாட வருவேன். டியூக் என்கிற ஆடு என் பாட்டுத் தாளைத் தின்னும், தொப்பியைத் தின்னும், படுத்துப் புரளும், எழுந்து என் பாவாடையைக் கடித்து இழுக்கும். நான் சுருட்டிய செய்தித்தாளால் சாத்துவேன். கடைசியில் ஆடு இரண்டு காலில் நின்று தலையைக் கழற்றும். உள்ளே மனுஷன்! சனம் வாயைப் பிளக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஆர்வில் உயிரை வைத்திருந்தான். சுவரொட்டியில் அவன் பெயர் வராது, வந்தால் குட்டு உடைந்துவிடும். ‘வின்னியும் டியூக்கும்’ என்றுதான் போடுவார்கள். உடை மாற்றக்கூட எங்களுக்கு மிருகங்களோடு நிலவறையில்தான் இடம். பாடுகிறவர்களுக்கு மேலே கண்ணாடி வைத்த அறை, எங்களுக்குக் கொதிகலனும் கடல்நாய் நாற்றமும். என் வயிறு எரியுமா எரியாதா?

அந்த வாரம் விஸ்கான்சினில் ஆஷ்காஷ் ஊர். ஆர்விலின் அப்பா கோட்லீப் அதற்குப் பக்கத்தில்தான் பால் பண்ணை வைத்திருந்தார். மாடு, ஆடு, மூக்குக்கு மேல் கோபம், மூன்றும் அவரிடம் ஏராளம். மகன் சர்க்கஸுக்குப் போன அன்று, “மனுஷனாப் பொறந்துட்டு நாலு கால்ல நடந்து பொழைக்கப் போறியா? என் பையன்னு வெளில சொல்லிக்காத” என்று கதவைச் சாத்தியவர். அதன்பின் பேச்சே இல்லை. ஆர்வில் அவருக்கு ஒரு டிக்கெட் அனுப்பிவைத்தான். வரமாட்டார் என்று நான் பந்தயமே கட்டினேன்.

பகல் காட்சி. திரை ஓட்டையில் கண் வைத்தவன் துள்ளினான். “வந்துட்டாருடி வின்னி! மூணாவது வரிசை! சர்ச் கோட்டு போட்டுக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு!”

“சரி, சரி. மொதல்ல அந்தத் தாடிய ஒட்டு, தொங்குது.”

“இன்னைக்கு அவரையே பார்த்துத்தான் தலையக் கழட்டுவேன். என் மூஞ்சியப் பார்த்தே ஆகணும் அவரு.”

தாடியை ஒட்டினான். ஆட்டுத் தலையின் கழுத்து ஓரம் பிய்ந்திருந்ததையும் ஒட்டினான். வச்சிரப் பசை காய ஒரு ராத்திரியாவது வேண்டும். இந்த மடையன் ஈரத்தோடு எடுத்து மாட்டிக்கொண்டான்.

ஆட்டம் அமர்க்களம். அவன் தாளை மென்ற அழகில், நிஜ ஆடோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. நான் நாலு சாத்து சாத்தியதும், ஜீவகாருண்ய சங்கத்து அம்மா ஒருத்தி குடையோடு மேடைக்கே ஏறிவிட்டாள். “வாயில்லா ஜீவன அடிக்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா?”

தலையைக் கழற்றினால் தீர்ந்தது. ஆர்வில் எழுந்து நின்று, மூன்றாவது வரிசையைப் பார்த்து, கொம்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. நானும் பிடித்து இழுத்தேன்.

“கொம்பப் புடுங்குறா பாவி!” என்றாள் குடைக்காரி.

“விடுடி, காது பிஞ்சிடும்!” என்றது ஆடு.

அரங்கம் அதிர்ந்தது. “வாய அசைக்காமலே பேசுறாப்பா! கில்லாடி!” என்று எனக்கு விசில் பறந்தது.

“அம்மா, நான் ஆடு இல்ல, மனுஷன்! பேரு ஆர்வில் ஸ்டம்ப்!”

விசில் இன்னும் கூடியது. அவன் மேடை விளிம்புக்கு ஓடினான். “அப்பா! நான்தான்பா!”

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பதினைந்தடி தூரத்தில் அப்பா, நடுவில் இந்தப் பாழாய்ப்போன காகிதக்கூழ் மண்டை.

கோட்லீப் எழுந்தார். வெளியே போகிறார், தொலைந்தது என்று நினைத்தேன். அவரோ நேராக மேடைக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இது ஆடு இல்ல. படுத்த ஆடு எந்திரிக்கிறப்ப பின்னங்கால்தான் மொதல்ல எந்திரிக்கும். இது முன்னங்கால ஊனி எந்திரிச்சுது, சர்ச்சுல தூங்கிட்டு முழிச்ச மாதிரி. நான் அப்பவே கண்டுபிடிச்சுட்டேன். இது என் பையன்.”

தொப்பிகள் பறந்தன. ஒருத்தனும் நம்பவில்லை. திரை விழுந்ததும் மேலாளர் ஃபின்னர்ட்டி மூச்சிரைக்க ஓடி வந்தார். “ஏம்மா வின்னி, அந்தக் கிழவன எங்க புடிச்ச? என்னா நடிப்பு! வாரம் பூரா வரச் சொல்லு!”

நிலவறையில் கோட்லீப் வெந்நீரில் துணியை நனைத்து நனைத்துப் பசையை இளக்கினார். தலை வந்தது. கூடவே ஆர்விலின் பாதி முடியும் வந்தது. உள்ளே வேர்த்து வீங்கிய முகம், கண்ணெல்லாம் தண்ணீர்.

“மத்தபடி எப்படிப்பா இருந்துச்சு?”

“மோசம். ஆடு அப்பிடி மெல்லாது.”

எனக்கு வந்ததே கோபம். “இத்தன வருஷம் கழிச்சு வந்து மெல்லுறதப் பத்திப் பேசுறீங்களே மாமா, வெக்கமா இல்ல உங்களுக்கு? அந்தக் கூட்டத்துல அவன் எப்படிக் கத்துனான் தெரியுமா?”

கிழவர் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். “கூப்பிட்டான்ல?” என்றார் கடைசியில். “எந்திரிச்சு வந்தேன்ல?”

ஆர்வில் மூக்கைச் சிந்தினான். ஆட்டுத் தாடியில்தான் சிந்தினான்.

மறுநாள் பகல் காட்சியில் ஆடு பின்னங்காலை ஊனி எழுந்தது. தலையும் ஒழுங்காகக் கழன்றது. கைதட்டல் சுரத்தில்லை, பேசும் ஆட்டைப் பார்க்க வந்த ஊருக்கு அரை மொட்டையாக ஒரு மனுஷன் கிடைத்ததில் ஏமாற்றம். மூன்றாவது வரிசையில் ஒரு சர்ச் கோட்டு மட்டும் எழுந்து நின்று தட்டியது. பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்து, “என் பையன்” என்று சொன்னது. எந்தக் காலை ஊனி எழுந்தார் என்று நான் கவனிக்கவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது, சனியன்.