இரண்டாவது கீப்பர்

கால்பந்தில் எந்த இடத்தில் நின்று ஆடுவது ரொம்பக் கஷ்டம் என்ற சண்டை அந்தப் பேருந்துப் பணிமனையில் ஒருநாளும் தீர்ந்ததில்லை. டீ நேரத்தில் ஆளுக்கொரு கட்சி. நடுவில் ஆடுகிறவன் ஓடி ஓடி நெஞ்சு வெடிப்பதைச் சொல்வான், முன்னால் ஆடுகிறவன் கணுக்காலில் வாங்கிய உதைகளைக் காட்டுவான். கடைசியில் கோல்கீப்பர்தான் பாவம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். எத்தனை பந்தைப் பிடித்தாலும் யாருக்கும் நினைவிருக்காது, ஒன்றை விட்டால் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

டயர் பிரிவில் வேலை பார்த்த ஸ்டெப்னி இந்தச் சண்டையில் வாயே திறக்க மாட்டான். அந்தப் பெயரை வைத்தவர்கள் அதற்காக மூளையைக் கசக்கிக்கொள்ளவில்லை. வண்டிக்கு மாற்று டயர் மாதிரி, பணிமனை அணிக்கு அவன் மாற்று கீப்பர். கஷ்டமான இடம் எது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கீப்பருக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே, தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த பெஞ்சுதான். மற்ற மாற்று ஆட்டக்காரர்களுக்கு எப்படியும் கொஞ்ச நேரம் கிடைத்துவிடும், எவனாவது களைத்துப்போவான். கீப்பர் களைத்துப்போக மாட்டார். அவருக்கு ஏதாவது ஆனால்தான் இரண்டாவது கீப்பர் உள்ளே போக முடியும். ஆகவே அங்கே உட்கார்ந்திருக்கிறவன் ஆசைப்படுகிறான் என்றாலே, இன்னொருவர் எலும்பு முறியட்டும் என்று ஆசைப்படுகிறான் என்றாகிவிடும். அந்த இன்னொருவர் சொந்த அக்காவின் புருஷனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அத்தான் அந்தப் பணிமனையில் பேருந்து ஓட்டினார். ஸ்டெப்னிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும், அணியில் சேர்த்துவிட்டதும், தன் வீட்டு முன்னறையில் படுக்க இடம் கொடுத்ததும் அவர்தான். அக்கா அவனுக்குப் பரிமாறும்போது, "இன்னும் கொஞ்சம் வை, பாவம், பெஞ்சைத் தேய்ச்சுத் தேய்ச்சு இளைச்சிட்டான்" என்பார் அத்தான். அவன் சிரித்துக்கொள்வான். அந்தக் கிண்டலில் விஷம் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும்.

ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பரைத் தயார் செய்வது இரண்டாவது கீப்பரின் வேலை. விரல்களுக்கு டேப் சுற்றிவிட வேண்டும். பிறகு கோலுக்கு எதிரே நின்று வலது பக்கம், இடது பக்கம், மேலே, தரையோடு என்று மாற்றி மாற்றி உதைத்து அவர் உடம்பைச் சூடாக்க வேண்டும். அத்தானை அவ்வளவு பக்கத்தில் இருந்து அவ்வளவு நேரம் பார்த்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அதனால்தான் அது அவன் கண்ணில் முதலில் பட்டது.

இடது பக்கம் போன பந்துக்கு அத்தான் தாமதமாக விழுந்தார். முதல் தடவை வெயில் கண்ணில் அடித்தது என்றார். அடுத்த தடவை தூசி. அதற்கடுத்த தடவை வானம் மூடிக்கிடந்தது, காற்றும் இல்லை. அவர் பந்து வந்த பக்கம் அசையக்கூட இல்லை. வலையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்.

அந்த வாரம் அத்தான் ஓட்டும் வண்டி டயர் மாற்ற வந்தது. இடது பக்க முன் டயரின் விலா முழுக்க நடைபாதைக் கல்லில் உரசி உரசிச் சொரசொரப்பாகக் கிடந்தது. வலது பக்க டயர் மழமழவென்று இருந்தது. ஸ்டெப்னி அந்த டயரைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு அதன் எதிரே குந்திவிட்டான். 

வண்டி கழுவும் இடத்தில் அத்தானைத் தனியாகப் பிடித்துக் கேட்டான். அவர் குழாயை மூடிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஓரத்துல கொஞ்சம் மங்கலா இருக்கு மாப்ள. அவ்வளவுதான். லீவு போட்டுட்டு காட்டிக்கிறேன்."

"எப்பத்தான்?"

"இந்தப் போட்டியெல்லாம் முடியட்டும். நீ எங்கயும் உளறிடாத." பிறகு அவன் தோளில் ஈரக்கையை வைத்துச் சிரித்தார். "உளறினா உனக்குத்தான் கெட்ட பேரு. எடத்தைப் பிடிக்க என்னைக் குருடனாக்கிட்டேன்னு சொல்லுவானுங்க."

மிரட்டவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தை ஸ்டெப்னியின் வாயைத் தைத்துப் போட்டுவிட்டது. ஏனென்றால் அவனுக்குள்ளேயே ஒருவன் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். நீ எதற்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் குறையைத் தேடுகிறாய்?

அதற்குப் பிறகு அவன் செய்தது ஒரு மாற்று கீப்பருக்கு மட்டுமே செய்யத் தோன்றும் முட்டாள்தனம். தயார் செய்யும்போது எல்லாப் பந்தையும் வலது பக்கமே உதைக்க ஆரம்பித்தான். அத்தான் பறந்து பறந்து பிடித்தார். அணியைப் பார்த்துக்கொண்ட ஃபோர்மேன் இடுப்பில் கை வைத்து ரசித்தார். "டிரைவருக்கு வயசே ஆக மாட்டேங்குதே" என்றார். இடது பக்கம் தடுத்து ஆடுகிற கொசுவிடம் ஸ்டெப்னி ரகசியமாக, "நீ முன்னால ஓடாத, கம்பத்தை ஒட்டியே நில்லு" என்று சொல்லி வைத்தான். கொசுவும் ஒரு டிரைவர்தான், குள்ளமான ஆள், காரணம் கேட்காமல் நின்றான். அணி ஜெயித்துக்கொண்டே வந்தது. அத்தானின் குறையை மூடி ஸ்டெப்னி தன் கையாலேயே ஒரு சுவர் கட்டிவிட்டான். அதற்குப் பெயர் விசுவாசம் என்றும் நினைத்துக்கொண்டான்.

பிறகு அந்தப் பெண் விழுந்தாள். நிறுத்தத்தில் ஓரமாக நின்றவளின் கைப்பை, அத்தான் ஓட்டிய வண்டியின் இடது பக்கக் கண்ணாடியில் மாட்டி இழுத்தது. நல்ல வேளை, பை வார் அறுந்தது, அவள் உட்கார்ந்தபடி விழுந்தாள், அடி இல்லை. "ரோட்டுல வந்து நின்னா யாரு என்ன பண்றது" என்று அத்தான் வீட்டில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். பணிமனையில் அந்தக் கண்ணாடியைச் சரிசெய்யப் போன ஸ்டெப்னிக்கு, அதன் இடுக்கில் சிக்கியிருந்த சிவப்பு வாரின் துண்டு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவனுக்கு அழுகைதான் வந்தது. வாரின் இடத்தில் கை இருந்திருந்தால்?

அன்று சாயங்காலமே சமையலறை வாசலில் நின்று அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் வெங்காயம் நறுக்கியபடியே கேட்டாள். நிமிரவில்லை.

"நீ ஒரு ஆட்டமாவது ஆடணும்னு ஏங்கறது எனக்குத் தெரியும்டா. அதுக்காக இப்படியா?"

"அக்கா, நான் அதுக்காகச் சொல்லல."

"அவருக்கு ஸ்டியரிங் போச்சுன்னா இந்த வீடு என்ன ஆகும்னு நெனச்சுப் பாத்தியா? ஒரு பை அறுந்ததுக்கு இவ்வளவு கதை. போய் கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் அவனைக் கொன்றது. கூடப் பிறந்தவளே இப்படி என்றால் மற்றவர்களிடம் வாயைத் திறந்து என்ன பிரயோசனம் என்று மென்று விழுங்கிக்கொண்டான்.

இறுதி ஆட்டம் நகரத்தின் மறுகோடியில் இருந்த வேறொரு பணிமனையின் மைதானத்தில். ஆட்டக்காரர்கள், அவர்கள் வீட்டார் எல்லாரும் ஒரே பேருந்தில் போனார்கள். ஓட்டியது அத்தான். அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டெப்னி படிக்கட்டருகே நின்று, வழி நெடுக இடது பக்க நடைபாதையையே பார்த்துக்கொண்டு வந்தான். சைக்கிள்காரர் ஒருவர் மயிரிழையில் தப்பினார். பேருந்துக்குள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மைதானத்தில் அத்தானின் விரல்களுக்கு டேப் சுற்றும்போது ஸ்டெப்னி ஒரே விரலுக்கு இரண்டு தடவை சுற்றிவிட்டான். "எனக்கு இல்லாத பயம் உனக்கெதுக்கு?" என்றார் அத்தான். கோலில் போய் நின்றார். ஃபோர்மேன் பக்கத்தில் இருந்தார். ஸ்டெப்னி முதல் பந்தை இடது பக்கம் உதைத்தான்.

பந்து வலையில் விழுந்தது. அடுத்ததும் இடது பக்கம். அதுவும் விழுந்தது. அத்தான் பந்தை எடுத்து அவனிடம் உருட்டிவிட்டு, உதட்டை அசைக்காமல் சொன்னார்.

"வலது பக்கம் அடி மாப்ள."

அவன் மறுபடியும் இடது பக்கமே உதைத்தான். பலமாகக்கூட இல்லை, குழந்தையும் பிடிக்கிற பந்து. அத்தான் நேராகப் பார்த்தபடி நிற்க, அது அவரைத் தாண்டி உருண்டு போனது. ஃபோர்மேனின் முகம் மாறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தான் கையுறைகளைக் கழற்றினார்.

"மணிக்கட்டு பிடிச்சிருக்கு சார். அசைக்க முடியல. அவன் நிக்கட்டும்."

கையுறைகளை ஸ்டெப்னியின் மார்பில் வைத்து அழுத்திவிட்டு பெஞ்சுக்குப் போனார். பொய் இன்னும் பொய்யாகவே இருந்தது. இடம் மட்டும் கைமாறியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், கோலில் போய் நின்றபோது ஸ்டெப்னிக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக அவன் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

ஆட்டத்தில் தோற்றார்கள். ஒரே ஒரு கோல். உயரமாக வந்த பந்து, கீப்பர் முன்னேறி வந்து குத்தி வெளியே தள்ள வேண்டிய பந்து. ஸ்டெப்னி கோட்டிலேயே ஆணி அடித்தது போல் நின்றுவிட்டான். பல வருஷங்களாகவே அவனிடம் இருந்த குறை அதுதான். "கோட்டை விட்டு வாடா" என்று ஃபோர்மேன் தொண்டை கிழியக் கத்தியும் கால் நகரவில்லை. ஆட்டம் முடிந்து வரும்போது பின்னால் யாரோ, "அத்தானை உக்கார வெச்சுட்டு இவன் கிழிச்சுட்டான்" என்றது நன்றாகவே காதில் விழுந்தது.

இருட்டத் தொடங்கும் முன் எல்லாரும் பேருந்தில் ஏறினார்கள். இந்தத் தடவை பாட்டு இல்லை. அத்தான் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். மணிக்கட்டு பிடித்த ஆள் எப்படி ஓட்டுவார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஸ்டெப்னி மட்டும் ஏறாமல் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான்.

"சாவியைக் குடுங்க அத்தான்."

அத்தான் அவனைப் பார்த்தார். குரலில் இப்போது கிண்டல் இல்லை. "என் எடத்துல நின்னாச்சு. இதுவும் வேணுமா?"

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கொசு ஓட்டட்டும். உங்களுக்கு இடது பக்கம் கண்ணு தெரியல."

உரக்கத்தான் சொன்னான். உள்ளே சலசலப்பு எழுந்தது. ஃபோர்மேன், "தோத்ததும் புத்தி கெட்டுப் போச்சா உனக்கு, ஏறுடா" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தான் வண்டியைக் கிளப்பினார்.

ஸ்டெப்னி பேருந்துக்கு முன்னால் போய் நின்றான். அத்தான் ஹாரனை அழுத்தினார். அவன் விலகவில்லை. வண்டி உறுமியது. பிறகு அவன் வண்டியின் மூக்கை ஒட்டியே இடது பக்கமாக மெல்ல நகர்ந்தான். முன் கண்ணாடியின் மூலைக்கு நேரே வந்ததும் நின்று இரண்டு கையையும் விரித்தான். முன் வரிசையில் இருந்த அக்காவுக்கும் அவனுக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி மட்டும்தான் இருந்தது.

அத்தான் நேராகப் பார்த்தார். எதிரே யாரும் இல்லை. வழி விட்டுவிட்டான் என்று முனகிக்கொண்டு பிரேக்கை விட்டார்.

வண்டி கொஞ்சம்தான் நகர்ந்தது. இடது பக்கக் கண்ணாடி ஸ்டெப்னியின் முழங்கையில் இடித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான், கால் மட்டும் நகரவில்லை. உள்ளே அக்கா மகளைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து வந்து சாவியைத் திருகி அணைத்தாள்.

"தம்பி அங்க நிக்கிறான்."

"எங்க?" என்றார் அத்தான்.

 அக்கா சாவியை உருவினாள். அதைக் கையில் இறுக்கிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியைப் பார்த்து அழுதாள். கொசு வந்து அவளிடம் சாவியை வாங்கிக்கொண்டான். அத்தான் எழுந்து, சீட்டுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

ஸ்டெப்னி அவர் வலது பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வெகுதூரம்வரை அவர் அவன் பக்கம் திரும்பவில்லை. பிறகு டேப் சுற்றிய கையை அவன் மடியில் வைத்தார். ஒரு பந்தைக்கூடப் பிடிக்காத டேப். ஸ்டெப்னி ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

"அந்தப் பந்துக்கு நீ வெளிய வந்திருக்கணும்" என்றார் அத்தான்.

"தெரியும் அத்தான்."

அவர் அடுத்த கையை நீட்டினார்.