ஹாரி சேகரின் செத்துப்போன அம்மா

கனடாவில் ஐஸ் ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு ஹாரி சேகரைத் தெரியாமல் இருக்காது. பனித்தரையில் சறுக்கிக்கொண்டே எதிராளியை இடித்துத் தள்ளி கோல் போடுவான். கோப்பைகள் வென்றான். முன்பற்கள் உடைந்துபோய், கட்டிய பற்களோடு விளம்பரங்களில் சிரித்தான். அம்மா செத்த துக்கத்தை உறைந்த ஏரியில் தனியாகச் சறுக்கித் தீர்த்துக்கொண்ட பையன் என்றுதான் டிவியில் அவனை அறிமுகப்படுத்துவார்கள்.

அந்த அம்மா தனக்கோடி பெங்களூர் ஜோகுபாளையத்தில் உயிரோடுதான் இருந்தாள். ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. புருஷன் சந்திரசேகரன், மகன் ஹரிஷ்குமாரைச் சின்ன வயதிலேயே கனடாவுக்குக் கூட்டிப்போனான். அவளையும் மகள் உஷாவையும் பிறகு அழைத்துக்கொள்வதாகச் சொன்னவன், அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். ஹாரி சேகராகி 1991இல் பெரிய அணியில் சேர்ந்ததும் ஹரிஷ் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து அம்மாவிடம் அழுதான். அதோடு சரி. அந்த வருஷமே ஒரு பேட்டியில் அவளைச் சாகடித்தான். ஜனங்கள் உருகினார்கள். திரும்ப உயிர்ப்பிக்க அவனுக்குச் சௌகரியப்படவில்லை.

2004இல் முழங்கால் கெட்டு ஆட்டம் நின்றது. கம்பெனி கம்பெனியாகப் போய்த் தன்னம்பிக்கைப் பேச்சு பேசிப் பிழைத்தான். பெங்களூர் சாப்ட்வேர் கம்பெனி ஒன்றும் கூப்பிட்டது. பேப்பரில் வந்ததை உஷா படித்துக் காட்டினாள்.

"நான் எப்ப செத்தனாம்?" என்றாள் தனக்கோடி.

"அவனுக்கு ஏழு வயசுலயாம்."

"அப்ப பூத்துல பேசினது என் ஆவியா?"

மறுநாள் பிறந்த தெருவில் படம் எடுக்க, ராகேஷ் என்ற போட்டோகிராபரோடு ஹரிஷ் வந்தான். இத்தனை வருஷத்தில் குடும்பம் வீடு மாறியிருக்கும் என்று நினைத்திருந்தான். பழைய வீட்டுக் கதவை ராகேஷ் தட்டினான். திறந்தது தனக்கோடி. அவன் முகம் வெளுத்தது.

"இவங்க யாரு சார்?" ராகேஷ் கேட்டான்.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி. சின்னதுல எனக்குச் சோறு போட்டவங்க."

"டேய்!" உஷா பாய்ந்தாள். தனக்கோடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அவர் தலைமேல கை வைங்க, ஒரு போட்டோ" என்றான் ராகேஷ்.

"பேடப்பா" என்று கன்னடத்தில் வேண்டாமென்றாள் தனக்கோடி. பிறகு மகனைப் பார்த்தாள். "உன் அம்மா செத்துட்டா இல்ல? போய் அவளுக்குத் திவசம் குடு. இங்க நிக்காத."

கதவைச் சாத்திவிட்டாள்.

சாயங்காலம் தனியாக வந்து ஜன்னலருகே கெஞ்சினான். "அம்மா, கொஞ்சம் புரிஞ்சுக்கோ. என்னைப் பத்தி புக் வரப்போவுது. இப்ப போய் மாத்திச் சொன்னா பேரு போயிடும்."

அவள் ஜன்னலையும் சாத்தினாள்.

"பேப்பர்காரனுக்குப் போன் பண்றேன்மா. நாறட்டும்" என்றாள் உஷா.

"வேணாம்டி. இவனப் பெத்தவ நான்தான்னு ஊருக்குத் தெரியணுமா? எனக்கு மானம் இல்லயா?"

சொல்லிவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினாள்.